நாய்க்கு முகம் வீங்கிய நாள்

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிடப் பெரிய குறை அவசரம். கோபத்தில் நான் செய்த கூத்துகளை நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவசரத்தில் செய்த ஒரு காரியத்தை மட்டும் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அது ஒரு நாயைப் பற்றியது. நாய்தானே என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சிராங்கூன் ரோட்டில் டிராம் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. ரோட்டை விட்டு இறங்கினால் பக்கத்துக்குப் பக்கம் மாட்டுக் கொட்டகைகள்தான். அப்படி ஒரு கொட்டகையில் ஒரு வண்டியும் ஒரு ஜோடிக் காளையும் வைத்துக்கொண்டு நான் பிழைத்தேன். தோட்டங்களிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிவந்து, டின்னில் அடைக்கிற ஆலையில் இறக்குவது வேலை. அதே கொட்டகையில் இன்னும் ஆறேழு வண்டிக்காரர்கள் இருந்தார்கள். எல்லாருடைய மாடுகளுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் பலகை அடித்த ஓர் அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். வண்டி ஓடும்போது அச்சுக்கு அடியில், நிழலிலேயே நடந்து தோட்டம் வரை வரும். நான் வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனால் ஒரு பழத்தை எவனும் தொட முடியாது. என் மனைவி அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவாள். நான் ‘இந்தா’ என்பேன். சாப்பாட்டின் கடைசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ‘இந்தா’ என்றால், எங்கே இருந்தாலும் வந்து என் மடியில் தலையை வைக்கும். மற்றவர்கள் யார் கையிலும் அது வாங்கித் தின்னாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்றைக்கு விடிந்து நான் காளைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, நாய் தொட்டியில் வாயை வைத்துத் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தது. அது என் நாயின் முகமே இல்லை. மேலுதடு தடித்துத் தொங்கியது. இரண்டு கண்ணும் இடுங்கிக் கோடாகிவிட்டன. தாடைக்குக் கீழே கை கொள்ளாத வீக்கம். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தொட்டித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. முதல் நாள் மாலை நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவி குனிந்து பார்த்தாள். நாய் அவள் கையை முகர்ந்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் துவைக்கவேண்டியது எங்கள் துணி மட்டுமல்ல, கூலிக்கு வாங்கிய இரண்டு வீட்டுத் துணியும். போகாமல் இருக்க முடியாது.

“ஏங்க, அது மூஞ்சியில கை வைக்காதீங்க. நான் வெரசா வந்துடுறேன். வந்து எண்ணெய் தடவி என்னன்னு பாக்குறேன். அதுவரைக்கும் சும்மா விடுங்க” என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் நுகத்தில் இடப்பக்கம் கட்டுகிற என் காளையைத் தொண்டை அடைப்பானுக்குப் பறிகொடுத்திருந்தேன். மாட்டுக்கு வருகிற கொள்ளை நோய் அது. காலையில் தாடை வீங்கும், எச்சில் வடியும், மத்தியானம் மூச்சு இழுக்கும், பொழுது சாய்வதற்குள் மாடு போய்விடும். பக்கத்து மாட்டையும் கூட்டிக்கொண்டு போகும். அந்தக் காளை என்னைப் பார்த்துக்கொண்டே செத்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் கூலிக்கு மூட்டை சுமந்து, மறுபடியும் ஜோடி சேர்த்திருந்தேன். இப்போது அதே வீக்கம், அதே எச்சில், அதே தொட்டி. மாட்டுக்காரன் கண்ணுக்கு எல்லாமே மாடுதான். நாய்க்கு மாட்டு நோய் வருமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கொட்டகையில் நான்கு ஜோடி வைத்திருந்த ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணே என்போம். மாட்டுக்குச் சூடு போடுவதில் அவர் கை பேர்போனது. அவர் வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது அடைப்பான்தான். மாட்டுக்கு வந்தா என்ன, நாய்க்கு வந்தா என்ன? தொட்டியில வேற வாய வச்சிருக்கு. ஒண்ணு, அடிச்சு எட்டத்துல பொதைச்சிடு. இல்ல, இப்பவே சூட்டைப் போட்டுரு. உச்சிவேளை வரைக்கும் வச்சிக்கிட்டு இருந்தியோ, எங்க மாட்டுக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும்.”

“அவ வந்துடட்டும்ணே. எண்ணெய் தடவிப் பாக்குறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

“அவ வர்றதுக்குள்ள அது உசுர விட்டுடும். போன வருஷம் நீ பாக்கலியா?”

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மற்ற வண்டிக்காரர்கள் தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் தங்கள் மாடுகளை அவிழ்த்து வெளியே கொண்டுபோனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்ச நேரம் போயிருக்கும், என் மனைவியும் வந்திருப்பாள். அவர்கள் பேசாமல் போனதுதான் என்னை விரட்டியது. அடித்துக் கொல்ல மனம் வராது. சூடு போட்டால் பிழைக்கவாவது வழியுண்டு. நான் நாயைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் அடுப்பில் சூட்டுக்கோலைப் போட்டார். அவருடைய வண்டி ஓட்டும் இரண்டு பேர் சாக்கோடு என் வண்டிக்கு அடியில் புகுந்தார்கள். நாய் உறுமியது, கடிக்க வந்தது. கண் தெரியாமலேயே இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் ஓடியது. அவர்களால் பிடிக்க முடியவில்லை.

“நீ கூப்பிடு. உனக்குத்தான் வரும்” என்றார் அண்ணன்.

நான் தரையில் உட்கார்ந்தேன். கையைக் குவித்து நீட்டி, “இந்தா” என்றேன். சாப்பாட்டு நேரத்துக் குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் சொன்னால் வராது என்று எனக்குத் தெரியும்.

அது வந்தது. வீங்கிய முகத்தைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்து, என் மடியில் தலையை வைத்தது. நான் இரண்டு கையாலும் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் இந்தப் பக்கத் தாடையில் ஒன்று, அந்தப் பக்கத் தாடையில் ஒன்று என்று இரண்டு கோடு இழுத்தார். மயிர் கருகிய நாற்றம் இப்போதும் எனக்கு வரும். முதல் சூட்டிலேயே அது என் மணிக்கட்டைக் கவ்வியது. பல் என் தோலில் இருந்தது. கடிக்கவில்லை. இரண்டாவது சூடு முடியும் வரை அப்படியே கவ்விக்கொண்டு கத்தியது. பிறகு விட்டுவிட்டது. என் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணனும் அந்த இருவரும் போன கொஞ்ச நேரத்தில் என் மனைவி ஈரத்துணியோடு வந்து சேர்ந்தாள். சொன்னபடி வெரசாகத்தான் வந்திருந்தாள். நாயைப் பார்த்தாள். அடுப்பருகில் கிடந்த கோலைப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காயத்தைச் சுற்றி விரலால் ஒற்றி ஒற்றித் தடவினாள். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல மேலுதட்டைத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்பக்கம் பார்த்தாள். நகத்தால் எதையோ நெருடி எடுத்தாள். எழுந்து வந்து அந்த விரலை என் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

நக நுனியில் கறுப்பாக ஒரு துணுக்கு. தேனீயின் கொடுக்கு.

“அன்னாசி வண்டி ஓட்டுற ஆளுங்க நீங்க” என்றாள். “தேனீ கொட்டுனா எப்படி வீங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஏன் தெரியாது? பழம் ஏற்றிய வண்டியைத் தேனீ மொய்க்காத நாளில்லை. அதற்கு நாலு நாள் முன்னால்தான் என் காதிலேயே ஒன்று கொட்டி, காது பணியாரமாக உப்பி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு நானே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நாய் தேனீயைக் கவ்வப் பாய்வதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த மடையன் நான். அந்தக் காலையில் எனக்குச் செத்த காளை ஒன்றுதான் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் வீக்கம் வடியத் தொடங்கியது. ஒரு கண் திறந்தது, பிறகு மற்றொன்று. மாடுகளைத் திரும்ப ஓட்டிவந்தவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

“பாத்தியா, அண்ணன் கைராசிய! சூடு புடிச்சிடுச்சு லா!” என்றான் ஒருவன்.

அண்ணன் என் முதுகில் தட்டினார். கொடுக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் கைராசி சிரிப்பாய்ச் சிரித்திருக்கும், என் மூளையும்தான். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமாதம் இரண்டு கொட்டகை தள்ளி இன்னொரு நாய்க்குத் தாடை வீங்கியதும் அதற்கும் சூடு போட்டார்கள். அது பிழைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் நாய் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. காயம் ஆறி, இரண்டு தாடையிலும் மயிர் முளைக்காத வழுக்கைக் கோடு நின்றுவிட்டது. பழையபடி வண்டிக்கு அடியில் நடந்து வந்தது, பழத்துக்குக் காவல் இருந்தது. அது என்னைக் கண்டு ஓடியிருந்தால், உறுமியிருந்தால், ஒரு தடவையாவது நன்றாகக் கடித்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அது ஓடவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் ‘இந்தா’ என்றால் உடனே வரும். வாலை ஆட்டிக்கொண்டுதான் வரும். வந்து என் கையிலிருக்கும் சோற்றைத் தொடாமல், மடியில் தலையை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதலில் இந்தத் தாடையைத் திருப்பிக் காட்டும். கொஞ்ச நேரம் பொறுத்து, அந்தத் தாடையையும் காட்டும்.