ஒன்பதாவது பித்தளைக் கால்

நாடகக் கம்பெனியின் உடைக்கூடத்தில் எல்லாரும் அவரைக் கட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக ராஜாக்களுக்கும் திருடர்களுக்கும் ஒரே மேசையில் துணி வெட்டியவர். புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒரு நாள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: மாதக் கடைசித் திங்கட்கிழமை, கம்ப்யூட்டரில் வரைந்த கோட் காலரின் வெட்டுமாதிரி ஒன்றைக் கொண்டுவருபவர்களுக்குத்தான் இனி வெட்டுமேசை, மற்றவர்கள் இஸ்திரிப் பகுதிக்குப் போகலாம்.

மாலை வகுப்புக்குப் போய் வரையக் கற்றுக்கொண்டார் அக்கா. வீட்டில் கம்ப்யூட்டர்தான் இல்லை. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி, தனக்கென்று வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டுப் போன பாகங்கள் இருந்தன.

"எடுத்துக்கோக்கா. ஆனா மதர்போர்டு ஒண்ணே ஒண்ணுதான். புகைஞ்சா போச்சு" என்றான் போனில்.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு மதியம் வீட்டுக் கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் பரப்பினார். கொடியில் அரைகுறையாகத் தைத்த அங்கிகள் தொங்கின. ஜன்னல் காற்றுக்கு அவை மெல்லத் திரும்பி எட்டிப் பார்த்தன. போர்டை இரு விரல்களால் விளிம்பில் பிடித்துத் தூக்கினார். முன்பக்கம் பொன்னிழைகள் பக்கம் பக்கமாக ஓடி, ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் வளைந்தன. இதை இழைத்த கை எவ்வளவு பொறுமையான கை என்று நினைத்தபடியே திருப்பினார். பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முட்கள். பூவேலைத் துணியின் உள்பக்கத்தில் முடிச்சுகள் கிடக்குமே, அதுபோல. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாரோ, வெயில் முழங்காலில் இருந்து மடிக்கு வந்துவிட்டது.

"என்னங்க, அந்தச் சின்ன டப்பாவைக் குடுங்க."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "குடுக்கறேன், திருகாணியை வாய்ல வச்சுக்காத. குண்டூசி ஞாபகத்துல கவ்விக்கப் போற."

கம்ப்யூட்டர் பெட்டியின் அடித்தகட்டில் போர்டு உட்காருவதற்கான பித்தளைக் கால்கள் ஏற்கெனவே முடுக்கியிருந்தன. அக்கா எண்ணினார். "கால் ஒம்போது இருக்கு, போர்டுல ஓட்டை எட்டுதான்."

"இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு கயிறு தாங்குற எடையை நாங்க அஞ்சு கயித்துல தொங்கவிடுவோம். கூட ஒண்ணு தாங்கினா நல்லதுதானே, மகாராணி?"

லிஃப்டில் ஒருநாளும் ஆளை விழவிடாதவர் சொல்கிறார். அக்கா போர்டை இறக்கினார். நூலோட்டிவிட்டுத் தைப்பதுபோல, எட்டுத் திருகாணிகளையும் முதலில் தளர்வாகப் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார். மற்ற பாகங்களையும் ஒயர்களையும் செருகினார். விரல் சுவிட்சுக்குப் போனது. போனது, நின்றுவிட்டது.

"என்ன, நல்ல நேரம் பாக்கறியா?"

"நடுவுல லேசா தூக்கலா இருக்குங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உங்களுக்குத் தெரியாது."

எட்டுத் திருகாணிகளும் திரும்பக் கழன்றன. கணவர் பெருமூச்சு விட்டபடி டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா பழுப்புக் காகிதத்தில் போர்டை வைத்து ஓரம் வரைந்தார், ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து வெட்டினார்; எந்தக் கோட் தைக்கவும் அவர் செய்வதுதான். அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள் விரித்தார். எட்டு ஓட்டைகளிலும் பித்தளை மினுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் காகிதத்தைத் தடவினார். நடுவில், துணிக்குள் மறந்துவிட்ட ஊசிபோல ஒரு மேடு. முடிச்சுகள் நெருக்கமாகக் கிடந்த இடத்துக்கு நேர் கீழே.

இடுக்கியால் அதைக் கழற்றிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"நல்லவேளைக்கா. அது பின்னாடி பட்டபடியே சுவிட்சைப் போட்டிருந்தா ஷார்ட்டாகிப் போயிருக்கும். யாரு அதை அப்படியே விடச் சொன்னது?"

"உங்க மாமாதான்."

"அவரை லிஃப்டோட நிறுத்திக்கச் சொல்லு."

கணவர் கொடியில் இருந்த அங்கியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

மறுபடி எட்டுத் திருகாணிகள். சுவிட்சை அழுத்தியதும் உள்ளே விசிறி மூச்சுவிடுவதுபோல எழுந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல இறங்கின. அக்கா அவற்றைப் படிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை ஒரு காலரை வரைந்தார், அழித்தார், வரைந்தார்.

திங்கட்கிழமை அது காகிதத்தில் வந்தது. மேற்பார்வையாளர் அதைப் பொம்மையின் கழுத்தில் சுற்றிவைத்து, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"எங்கயும் தூக்கலா இல்லையே" என்றார்.

"இருந்தா கொண்டுவந்திருக்க மாட்டேன்" என்று சொன்ன அக்கா, அதற்குள் வெட்டுமேசைமேல் துணியை விரித்துவிட்டிருந்தார்.