அட்டையில் நான் எழுதாத பெயர்

திண்டுக்கல் கோட்டை மலைக்குக் கீழே, இங்கு முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்களைப் பற்றி இரண்டே அறைகளில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. துருப்பிடித்த வாள், பீங்கான் தட்டுகள், ஒரு தொட்டில், சில கடிதங்கள். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், கடிதங்களைப் படித்துத் தமிழில் விளக்க அட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

தொட்டிலுக்கான அட்டையில் ஒரு தவறு செய்தேன். தெரிந்தே செய்தேன்.

தொட்டிலின் கதை, வரி அதிகாரி ஒருவர் தன் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. மனைவி பிரசவத்தில் இறந்துவிட, தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். பிறகு காய்ச்சலில் அவளும் போய்விட்டாள். துரை வீட்டில் சோறு தின்றவள் என்று சொல்லி, ஊர் மணியக்காரர் உடலை எல்லைக்குள் விடவில்லை. அதிகாரி அவளைத் தன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார். அவள் பெயரையும் மணியக்காரரின் பெயரையும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டு வம்சாவளியில் முதலில் இருப்பது அந்த மணியக்காரரின் பெயர்தான்.

‘பணிப்பெண் ஒருத்தி வளர்த்த குழந்தையின் தொட்டில்’ என்று மட்டும் எழுதி முடித்தேன்.

போன மாசியில் நான் அங்கே இருந்தபோது, ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி பூக்கூடையோடு உள்ளே வந்தாள்.

“ஏத்தா, இது என்ன கோயிலா?” என்றார் காவலாளி.

“வெள்ளைக்காரக கல்லறைக்கு வச்சது போக மிச்சம். ஒங்க வழுக்கைல வச்சு விடவா?” என்றவள், என் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, எங்க வீட்டுப் பொம்பள ஒருத்தி துரை வீட்ல இருந்து செத்தான்னு சொல்லுவாக. வருசா வருசம் சேலை வச்சுப் படைக்கிறோம். படையல்ல பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிடணும். பேருதான் தெரியல. ‘துரை வீட்டம்மா’ன்னு கூப்பிடுறோம். இந்தக் காயிதத்துல ஏதும் இருக்கா?”

கடிதம் கண்ணாடிக்குள் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“அப்படி ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“சரிங்கய்யா” என்று ஒரு முழம் பூவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கடிதத்தில் இருந்த கிராமத்துக்குப் பஸ் ஏறிப் போய் அவளை விசாரித்தேன். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மணியக்காரர் எனக்கு யார் என்பது உட்பட.

மடியிலிருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டினாள்.

“பேரு என்ன?”

சொன்னேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“எழுதிக் குடுங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிருவேன்.”

எழுதிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக? அடுத்த மாசிக்குப் படையலுக்கு வாங்க. மூணு தரமும் நீங்களே கூப்பிடுங்க. ஒங்க வீட்டுக் குரலக் கேட்டு வருவாளா மாட்டாளான்னு அவளே முடிவு பண்ணட்டும்.”

புது அட்டை வைத்தாகிவிட்டது. அதில் பால் கொடுத்தவளின் பெயர் இருக்கிறது, மணியக்காரரும் இருக்கிறார், அவருக்கு நான் என்ன உறவு என்பதும் இருக்கிறது. மாசிக்கு இன்னும் நாற்பது நாள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது தரத்தைத் தாண்ட முடியவில்லை.