மாடில்லாத பட்டிப் பொங்கல்

எங்கள் வீட்டில் பட்டிப் பொங்கலுக்குச் சாணம் இரவல் வாங்கிய வருஷம் ஒன்று உண்டு. குடியானவன் வீட்டில் சாணத்துக்குப் பஞ்சம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்த வருஷம் சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. ஐப்பசியில் வந்த வெக்கை நோய் எங்கள் பட்டியில் ஒரு மாட்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும், எருது பூட்டிக் கவலையில் நீர் இறைக்க வழியில்லாமல் பயிர் காய்ந்தது.

கோயமுத்தூரில் மில்லுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. அங்கே வேலையிலிருந்த மாமா, தை பிறந்ததும் வந்துவிடும்படி சொல்லியனுப்பியிருந்தார். அம்மா போய்விடலாம் என்றாள். அப்பா பிடிகொடுக்கவில்லை. பட்டிப் பொங்கலன்று ஒரு கன்று தெப்பக்குளத்தை மிதித்துவிட்டால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் கிளம்புவது என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

தெப்பக்குளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டிக்குள் சாணத்தால் நாலு பக்கமும் கரை கட்டி, தண்ணீர் விட்டு, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுவார்கள். பூசை முடிந்ததும் கன்று அதை மிதித்துத் தாண்ட வேண்டும். தாண்டினால் பட்டி பெருகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அப்பா பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், அவருக்கு அண்ணன் முறையான பெரியப்பாவிடம் கன்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

“சாணம் எத்தன வேணுமோ எடுத்துக்க தம்பி. கன்னுக்குட்டிய மட்டும் கேக்காத. சீக்கு வந்த பட்டிக்குள்ள எப்படி அனுப்பறது?” என்றார் பெரியப்பா.

“செரிங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு, அப்பா சாணக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பெரியப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் ஒரு பட்டி இருந்தது.

சாயங்காலம் பொங்கல் பொங்கியது. கற்பூரம் காட்டி முடித்த அப்பா, காலிப் பட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மணி, நீ தாண்டு கண்ணு.”

“ஏனுங்க, புள்ளையப் போயி...” என்று இழுத்தாள் அம்மா.

எனக்கு ஏழு வயது. இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்குமா? அப்பா என் காலைக் கழுவி மஞ்சள் தடவினார், கழுத்தில் பூமாலை போட்டார், பொங்கலை உருட்டி ஊட்டினார். நான் தவழ்ந்துபோய்த் தண்ணீர் சிதறக் கரையை மிதித்துத் தாண்டி, கன்று போலக் கத்தினேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு கையும் கூப்பி என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா தாண்டட்டுங்களாப்பா?”

“போதும் கண்ணு,” என்றவர், அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “கன்னுதான் கெடைக்கல, பட்டிக்கு ஒரு கொறையும் வெக்கல. நாளைக்குப் போலாம்.”

மறுநாள் விடிந்ததும் மூட்டைகளோடு கிளம்பினோம். பட்டிப் படலை அப்பா சாத்தவில்லை. நான் அவ்வளவு நன்றாகத் தாண்டியிருக்கிறேன், இனிச் சந்தைக்குத்தான் போகிறோம், எருது பிடித்துக்கொண்டு வருவோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயமுத்தூர்ச் சாலை நெடுக, வரப்போகும் எருதுகளுக்கு ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா, “செரி கண்ணு, அப்படியே வெச்சரலாம்” என்றார். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. தலைச்சுமையோடு நடப்பதால் திரும்ப முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பேரைச் சொன்னேன்.