காலர் அக்காவின் ஏழு மணி நேரம்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவள் எல்லோருக்கும் 'காலர் அக்கா'. பதினெட்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறாள்; பேச்சு எங்கிருந்தாலும் தையல் ஒரு நூல்கூட விலகாது.

அவளுடைய ஒரே தங்கை இருந்த ஊர் பஸ்ஸில் ஏழு மணி நேரம். தங்கைக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது அதற்கு நாலு வயது. அக்கா அதை இன்னும் கையால் தொட்டதில்லை. போனில் பார்ப்பாள்.

போகாததற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. தும்மினால், துணிக்கட்டைத் தூக்கினால் அவளுக்குச் சிறுநீர் கசியும். முட்டிக்கொண்டு வந்தால் அடக்க முடியாது. ஏழு மணி நேரம் எப்படி? "லீவு கிடைக்கலடி" என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துபோனது.

"என் மேல என்னக்கா கோவம்?" என்று தங்கை ஒருநாள் கேட்டேவிட்டாள். அக்கா அன்றும் லீவைத்தான் சாக்குச் சொன்னாள்.

வேலை நேரத்தில் பாத்ரூம் போகக் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் சமாளித்து வந்தாள். கடைசியில் எரிச்சலும் குளிர்காய்ச்சலுமாக மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்து மெஷின்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேம்மா?"

"நிறைய பேருக்கு வருது. அதுக்காகப் பொறுத்துக்கிட்டே கிடக்கணுமா?" டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "தண்ணியக் குறைச்சா சிறுநீர் கெட்டியாகி மூத்திரப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும். குடிக்காம, மணிக்கணக்கா அடக்கியும் வச்சா கிருமி சுலபமா தங்கிடும். இந்தக் காய்ச்சல் அதான். தும்மினா கசியறது வேற. பிரசவத்துல, சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற அடித்தசை தளர்ந்திருக்கு. அதுக்குப் பயிற்சி இருக்கு."

பரிசோதனையில் சர்க்கரை இல்லை, கிருமித்தொற்று இருந்தது. மாத்திரையில் காய்ச்சல் போனது. மூன்று வேளையும் அடித்தசையை இறுக்கிப் பிடித்து, எண்ணி விடும் பயிற்சியை மெஷினில் உட்கார்ந்தபடியே செய்தாள். சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரிந்தது காலர் மட்டும்தான். அவரிடமும் நேராகவே சொன்னாள்: "ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை நான் பாத்ரூம் போகணும் சார். டாக்டர் சொல்லியிருக்காங்க." அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தோமே என்று அவளுக்கே ஆற்றாமையாக இருந்தது.

நாலு மாதம் கழித்துப் பஸ் ஏறினாள். முழுசாகக் குணமாகிவிடவில்லை, ஒரு வேகத்தடையில் கொஞ்சம் கசிந்தது. வைத்திருந்த துணி தாங்கியது. பஸ் நின்ற இரண்டு இடத்திலும் இறங்கிப் போய்வந்தாள்.

பஸ் நிலையத்தில் தங்கை காத்திருந்தாள்; காதோரம் நரைத்திருந்தது. நடந்துகொண்டே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை நின்றுவிட்டாள். "இதுக்கா? நாலு வருஷமா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிட்டு இருந்தேன்க்கா."

வீட்டுக்குப் போனதும் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்று அது மடிக்கு வரவேயில்லை. மத்தியானம் பூராவும் தங்கை முதல் பல், முதல் அடி, முதல் சொல் என்று சொல்லிக்கொண்டே போனாள். அக்கா குழந்தையையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.