சந்தனம் வைத்த கண்ணாடி

என் அலமாரியில் இருக்கும் கட்டுமானப் புத்தகங்களுக்கு ஒரு குணம் உண்டு. கம்பி எத்தனை, சிமெண்ட் எவ்வளவு, எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுக்கொண்டே போகும். நமக்கு வேண்டிய அந்த ஒரு இடம் வந்ததும், 'இதைப் பொறுப்பிலுள்ள பொறியாளர் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவு செய்யலாம்' என்று சொல்லிக் கையைக் கழுவிவிடும். பொறுப்பிலுள்ள பொறியாளர் யார் என்று பார்த்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் நான்தான்.

தி.நகரில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில், பழைய அடுக்ககம் ஒன்றின் முதல் மாடியில். இந்த வருஷம் பக்கத்து மனையில் இருந்த வீட்டை இடித்துவிட்டு, தரைக்குக் கீழே கார் நிறுத்த ஒரு தளம் வேண்டும் என்று பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளம் ஆழமாக ஆழமாக, எங்களுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் சுவரில் விரிசல் விட்டது.

அந்த வீட்டில், நாங்கள் மாமா, மாமி என்று கூப்பிடும் வயதான தம்பதி மட்டும்தான். மாமாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையாது. தெருவைப் பார்த்த முன்னறையில், ஜன்னலை ஒட்டி ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தெருவில் போகும் தெரிந்தவர்களுக்கெல்லாம் இடது கையின் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டுவார். எவ்வளவு அவசரமானாலும் நானும் பதிலுக்குக் கை தூக்காமல் போனதில்லை. விரிசல் விட்டது அந்தக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில்.

"நீங்கதான் இன்ஜினியர். அவரை இந்த ரூம்லேர்ந்து மாத்தணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லிடுங்கோ," என்றார் மாமி.

கேட்டது அவ்வளவுதான். ஏதாவது ஆனால் நானும் என் மனைவியும் படியிறங்கி ஓடிவிடலாம், மாமாவால் முடியாது. ஆனால் அவரை மாற்றுவதென்றால் இருப்பது பின்னறை ஒன்றுதான். பழைய சாமான்கள் போட்டு வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது, காற்றுக்கு உச்சியில் ஒரு சின்னத் திறப்பு. ஹாலில் கட்டிலைப் போட்டால் சமையலறைக்குப் போக வழியிருக்காது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டடத்துக்கு வரும் சேதத்தை வகை வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை இருக்கிறது. மயிரிழை போன்ற விரிசல், பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்பது ஒரு வகை. கதவும் ஜன்னலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு வகை. அதைப் படித்த அன்று மாலையே, பாத்ரூம் கதவு சாத்த வரவில்லை என்று மாமி வந்து சொன்னார். சுவர் இறங்கினாலும் கதவு பிடிக்கும், ஈரத்தில் மரம் உப்பினாலும் கதவு பிடிக்கும். இது எதனால் என்று அட்டவணை சொல்லவில்லை.

பள்ளத்துக்குப் போய் அங்கே இருந்த சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"இன்னா சார், எல்லாம் டிராயிங் பிரகாரம்தான் போய்க்கினு கீது. நீயே பாரேன்," என்று சுருட்டி வைத்திருந்த வரைபடங்களை நீட்டினார்.

பார்த்தேன். என் அலமாரியில் இருக்கும் அதே புத்தகங்களை வைத்து யாரோ போட்ட கணக்கு. தப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. நான் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதையேதான் போட்டிருப்பேன். எங்கள் அடுக்ககச் சங்கம் கொடுத்த மனுவுக்கு ஓர் அதிகாரி வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மாமி கொடுத்த மோரைக் குடித்தார், போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தை நான் செய்தேன். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் சுவரோடு ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் அந்தக் கண்ணாடி உடையும். உடையாதவரை பயமில்லை. "இது உடைஞ்சா உடனே என்னைக் கூப்பிடுங்க," என்று மாமியிடம் சொன்னேன். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி அன்று நன்றாகத் தூங்கினேன்.

சரஸ்வதி பூஜை வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். நிலத்தடி நீரை இறைத்தால் பக்கத்துக் கட்டடம் இறங்கலாம் என்று படித்தவனுக்கு, அந்த மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. பூஜையன்று மதியம் மாமி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கண்ணாடி உடைந்துவிட்டது என்றார்.

கீழே ஓடினேன். கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேலேயே பளிச்சென்று சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"இது என்ன மாமி?"

"ஆயுத பூஜை இல்லியா. அருவாமணை, கத்தி, அவரோட பி.பி. மெஷின், எல்லாத்துக்கும் வெச்சேன். இதுவும் ஒரு கருவிதானேன்னு துடைச்சுட்டுப் பொட்டு வெச்சேன். அழுத்தவே இல்லை சார். மெதுவாத்தான் வெச்சேன்."

"வைக்கும்போதே உடைஞ்சிருந்துதா?"

"கவனிக்கலையே. அடுப்புல பாயசம் கொதிச்சுண்டிருந்தது, அந்த அவசரம்."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. இறங்கும் மண்ணும் அந்தக் கண்ணாடியை உடைக்கும், மாமியின் விரலும் உடைக்கும். மாமா கட்டிலில் இருந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்கும்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே வந்தேன். என் மனைவி புத்தகங்களை எல்லாம் பலகையில் அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, மேலே என் கால்குலேட்டரையும் வைத்துப் பூப் போட்டிருந்தாள். துணியில் கை வைத்தேன்.

"இன்னைக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துப் படிங்க."

"அவசரம். கீழ கண்ணாடி உடைஞ்சிருக்கு."

"அதுல இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா? இத்தனை நாளா அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

தெரியும். என்ன இருக்கிறது என்பதும் தெரியும், நான் தேடுவது இல்லை என்பதும் தெரியும். துணியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே போனேன். "மாத்திடலாம் மாமி," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

மேல் மாடிகளில் இருந்து ஆண்கள் வந்தார்கள். கட்டிலை நகர்த்தியபோது மாமாவின் இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. மாற்றச் சொன்னவன் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு விரலாக நான்தான் விலக்கினேன்.

மறுநாள் புதுக் கண்ணாடி ஒட்டினேன். இதற்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று மாமியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மழை விட்டது. பள்ளத்தில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பாத்ரூம் கதவு சில நாள் சாத்துகிறது, சில நாள் சாத்துவதில்லை.

"திரும்பவும் முன்னாடி ரூமுக்கே கொண்டு வந்துடலாமா? சரியா சாப்பிட மாட்டேங்கறார். நாள் பூரா சுவத்தைப் பாத்துண்டு படுத்துண்டிருக்கார்," என்கிறார் மாமி.

தோண்டி முடித்த பிறகும் மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்றால், அது மண்ணைப் பொறுத்ததாம். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் மாமி," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்றுக் காலையும் அலுவலகம் போகும் வழியில் முன்னறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது உடைந்திருந்தால், அந்த மனிதரை ஒரு காரணமும் இல்லாமல் இருட்டில் கொண்டு போய்ப் போடவில்லை என்றாவது ஆகியிருக்கும். அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் நானும் என் மனைவியும் படுக்கிறோம்.