பச்சை இல்லத்தின் தோரணம்

போன கிழமை பேரனுடைய பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை நிறவாரியாகப் பிரித்த இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி. முகம் முழுக்கப் பச்சை மை பூசிக்கொண்டு காலையில் என் முன்னால் வந்து நின்றான். நான் படித்த அதே பள்ளிக்கூடம், அதே பச்சை இல்லம். ஒரு குடும்பத்தில் முதல் பிள்ளை எந்த இல்லமோ, பின்னால் வருகிற எல்லோரும் அந்த இல்லம்தான் என்பது அங்கே இன்னமும் வழக்கம்.

"நம் வீட்டில் முதல் பச்சை நீங்கள்தானே, அப்பப்பா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"ஓம்" என்றேன். பொய். முதல் பச்சை என் அக்கா.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து அப்போது ஒரு வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினேழு. ஊரில் அவள் இல்லத் தலைவி. அணிநடையில் கொடி பிடித்து முன்னால் போனவள். இங்கே அவள் பெயரை முழுதாகச் சொல்லக்கூட ஒருவரும் இல்லை. மத்தியானத்தில் தனியாக இருந்து பாண் சாப்பிடுவாள்.

போட்டி நெருங்கியபோது அக்கா பச்சை இல்லத் தலைவியிடம் போனாள். எங்கள் ஊரில் இல்லக் கூடாரத்தை அலங்கரிப்பதற்கும் புள்ளி உண்டு, நான் தோரணம் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். அந்த உயரமான பெண் முதலில் சிரித்தாள். பிறகு, நன்றாக வந்தால் கொடியை நீயே பிடி என்றாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா கையை வீசி வீசி நடந்து பழகினாள்.

தென்னோலைக்கு இங்கே எங்கே போவது? மைதானத்து ஓரத்தில், வாள் வாளாக இலை விரித்து நிற்கும் ஆறு ஃப்ளாக்ஸ் புதர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தைப் பராமரித்த, இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி மனிதர் வளர்த்தவை. அவருடைய மனைவி அதில் கூடை பின்னுவார். அக்கா அந்த மனிதரிடம் அனுமதி வாங்கிவந்து, கத்தியை என்னிடம் தந்தாள்.

"வெளி ஓலையை மட்டும் வெட்டு. நடுவில இருக்கிறதில கை வைக்கக் கூடாதாம்."

"தோரணம் எண்டால் குருத்தோலைதானே?"

"உன்னட்டைக் கேட்டனானா? சொன்னதைச் செய்."

வெளி ஓலை முரடு, கையை அறுத்தது. நடுக்குருத்தோ வெளிர்பச்சையாக, மெத்தென்று இருந்தது. குருத்து இருக்க முற்றிய ஓலையில் தோரணம் கட்டியவர்களை நான் கண்டதில்லை. ஆறு புதரிலும் நடுவையே வெட்டினேன். கீலம் கீலமாகக் கிழித்துத்தான் அக்காவிடம் கொடுத்தேன்.

"என்னடா, இப்பிடி வெளுத்துக் கிடக்கு?"

"உள்பக்கம் அப்பிடித்தான்."

போட்டி நாளில் எங்கள் கூடாரத்தைப் பார்க்க மற்ற இல்லத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். தலைவி கொடியை அக்காவின் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அந்த மாவோரி மனிதர் புதர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கத்தவில்லை. ஆசிரியரிடமும் அக்காவிடமும் மெதுவாகச் சொன்னார். நடுக்குருத்து பிள்ளை. அதன் இரு பக்கமும் நிற்பவை தாயும் தகப்பனும். வெளியே உள்ளவற்றை எவ்வளவும் வெட்டலாம், பிள்ளையை ஒருநாளும் வெட்டக்கூடாது.

யார் வெட்டியது என்று ஆசிரியர் கேட்டார்.

நான் பத்தடி தள்ளி, என் வகுப்புப் பையன்களோடு வரிசையில் நின்று இல்லக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன்; கோஷத்தின் இடைவெளியில் அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. அந்த வருஷத்தில் முதல்தடவையாக என் தோளில் இரண்டு பக்கமும் கைகள் கிடந்தன. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினேன்.

"நான்தான்" என்றாள் அக்கா.

பச்சை இல்லத்துக்குப் புள்ளி குறைந்தது. கொடி வேறொரு பெண்ணிடம் போனது. அக்கா தோரணத்தைத் தானே அவிழ்த்துச் சுருட்டி, இரண்டு கையாலும் அந்த மனிதரிடம் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், என்னை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நல்லாக் கத்தினாய். தொண்டை நோகேல்லையே?" என்றாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் எதையும் கேட்டு வாங்கப் போகவில்லை.

அக்கா இறந்து இரண்டு வருஷமாகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது, நான் கேட்கவில்லை. அந்த மனிதர் செடியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அன்று நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டு அக்கா திரும்பிப் பார்த்தபோது, என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது, இரு பக்கமும் கைகள் கிடக்க நடுவில் நின்ற பிள்ளையை.