‘வெளியேறு’ பொத்தான்

எனக்குச் சந்தோஷம் வந்தால் வாய் நிற்காது. அச்சுவேலி விவசாயிகள் சங்கத் தலைவர் போனில், "உங்கடை செயலியை எப்ப காட்டுவியள்?" என்று கேட்டதும், "நாளைக்கே!" என்று சொல்லிவிட்டேன். மானிப்பாயில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, நானும் என் கூட்டாளியும் எழுதிய முதல் சொந்தச் செயலி அது. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு வெங்காயம் கிடக்கிறது என்று சங்கத்துக்குச் சொல்லும். துள்ளாமல் என்ன செய்வது?

கூட்டாளி துள்ளவில்லை. குருநகர்ப் பெண், கோபக்காரி. "திரையிலை ஒரு சொல்லும் இன்னும் தமிழிலை இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டனியளோ அண்ணை?" என்றவள் தட்டச்சு செய்த வேகத்தில் மேசை ஆடியது. மாலையில் பையைத் தூக்கினாள். "முடிச்சிட்டன். நாளைக்குக் காட்டிப்போட்டு நான் போறன்."

போறன்! எங்கள் ஊரில் வாசல் படலைவரை போகிறவர்கூட ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார். ‘போறன்’ என்றால் திரும்பி வராத போக்கு. கொழும்பில் அவளுக்கு ஒரு வேலை காத்திருப்பதும் எனக்குத் தெரியும். அவள் இல்லாமல் செயலியும் இல்லை, நானும் இல்லை.

மறுநாள் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உரக்க வாசித்தார். "பெயரைச் சொல். பொறு. பிழை, திரும்ப அடி." கடைசிப் பொத்தானில் நின்றார். "வெளியேறு." நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "பிள்ளையள், இதை எழுதேக்கை ஆர் கோபத்திலை இருந்தது?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. முகம் சிவந்து நின்றவளும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அங்கேயே மடிக்கணினியை விரித்தாள். ‘பொறு’, ‘கொஞ்சம் பொறுங்கோ’ ஆனது. ‘வெளியேறு’ இருந்த இடத்தில் ‘போட்டு வாறன்’ வந்தது. தலைவர் அதை அமத்தினார். திரை, ‘ஓம், போட்டு வாங்கோ’ என்றது. மனுசன் மறுபடி உள்ளே போய், மறுபடி விடைபெற்றுப் பார்த்தார். "எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் இதைப் போட்டுத் தாங்கோ!"

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் பஸ்சில் அவள் வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொழும்புக்குப் போகிறாளா என்று கேட்க எனக்குப் பயம். அதிசயமாக என் வாய் மூடியே கிடந்தது. யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் இறங்கி, காலையில் விட்டுப்போன சைக்கிளை எடுத்தாள். ஏறி உழக்கப் போனவள் காலை ஊன்றித் திரும்பினாள்.

"அண்ணை, போட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ!" என்று நான் கத்திய கத்தலில், பஸ்சுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.